நூற்றுத் தொண்ணூற்றைந்தும் ஒன்று தசம் நாலும்: இந்தியாவில் பொறியியல் அனுமதி எப்படி நடக்கிறது?

ஏ.எல். பெறுபேறு வந்த கிழமை, எங்கள் வெள்ளவத்தைத் தொடர்மாடியின் மூன்றாம் மாடி அன்ரி என்னைக் கூப்பிட்டா. நான் தமிழ்நாட்டில் நான்கு வருஷம் பொறியியல் படித்துவிட்டு வந்தவன் என்பதால் இந்த மாதிரி நேரங்களில் எனக்குத் தேத்தண்ணி நிச்சயம். மேசையில் வட்ஸ்அப் திறந்தபடி கிடந்தது.

"தம்பி, திருச்சியில இருக்கிற எங்கட பெரியம்மான்ர பேரனுக்கு நூற்றுத் தொண்ணூற்றைஞ்சாம். இவனுக்கு ஒன்று தசம் நாலுதான் வந்திருக்கு. அங்க எடுப்பாங்களோ?"

மகன் தலையில் கை வைத்தான். "அம்மா, அது வேற, இது வேற."

வேறுதான். எப்படி வேறு என்று கேட்டால் அவனுக்கும் சொல்லத் தெரியவில்லை. கொழும்பில் இதைப் பற்றிப் பேசாத தமிழ் வீடு குறைவு. ஆனால் பேச்சில் 'கட்-ஆஃப்', 'ராங்க்', 'கோட்டா', 'சீற்' எல்லாம் ஒரே சட்டியில் விழுந்து கலந்துவிடுகின்றன. அன்றைக்குக் கலண்டர் தாளின் பின்பக்கத்தில் நான் கிறுக்கிக் காட்டியதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே தருகிறேன்.

## முதலில் ஒரு தொடர்மாடி

காலி வீதியில் புதிதாக ஒரு தொடர்மாடி எழும்புகிறது என்று வையுங்கள். நாற்பது வீடுகள், நூறு பேர் கேட்கிறார்கள். கட்டியவர் எல்லோருக்கும் ஓர் இலக்கம் கொடுக்கிறார். முதலாம் இலக்கக்காரர் முதலில் வந்து தனக்குப் பிடித்த வீட்டை எடுக்கிறார், பிறகு இரண்டாம் இலக்கக்காரர், அப்படியே போகிறது.

முதலில் வந்தவர் கடல் பார்த்த ஐந்தாம் மாடியை எடுப்பார். ஏழாவதாக வந்தவர் வீட்டில் முழங்கால் வருத்தத்தோடு ஓர் அம்மம்மா இருப்பதால், கடல் வீடு மிச்சமிருந்தும் அவர் முதலாம் மாடியைக் கேட்பார். கடல் பார்த்த வீடு எட்டுத்தான். எட்டாவதை எடுத்தவர் பதினொன்றாம் இலக்கக்காரர். நாற்பது வீடும் முடிந்த பிறகு யாரோ கேட்கிறார்கள்: "கடல் பக்கம் எத்தனையாம் இலக்கத்தோட முடிஞ்சது?" பதினொன்று.

இந்தப் பதினொன்றை யாரும் முன்கூட்டித் தீர்மானிக்கவில்லை. எல்லோரும் எடுத்து முடித்த பிறகு மிஞ்சிய தடயம் அது. அடுத்த வருஷம் ஆட்களும் ஆசைகளும் மாறினால் அதுவும் மாறும்.

இந்தியப் பொறியியல் அனுமதியின் நடுத்தண்டு இதுதான். வீடு என்பது கல்லூரியும் துறையும் சேர்ந்த ஓர் இடம். அங்கே அதை 'சீட்' என்பார்கள், நாங்கள் 'சீற்' என்கிறோம். கையில் உள்ள இலக்கம் தரவரிசை, அதாவது ராங்க். வரிசைப்படி எடுக்கும் சடங்குக்குப் பெயர் கவுன்சலிங். பெயரைக் கேட்டுப் பலர் அறிவுரை சொல்லும் இடம் என்று நினைக்கிறார்கள். அங்கே ஒருவரும் ஓர் அறிவுரையும் சொல்வதில்லை. முன்பு ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பையும் சாப்பாட்டுப் பொதியுமாகச் சென்னையில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்கு வந்து, பெயர் கூப்பிட்டதும் திரை முன்னால் இருந்து சீற் எடுத்தார்கள். 2018இலிருந்து தமிழ்நாட்டில் அது இணையத்தில் நடக்கிறது. பிள்ளைகள் விருப்பப் பட்டியலை முன்கூட்டியே நிரப்பிவிடுகிறார்கள், எடுத்துக் கொடுப்பது கணினி.

## 'கட்-ஆஃப்' என்ற ஒரு சொல்லுக்கு இரண்டு வேலை

குழப்பத்தின் பாதி இந்தச் சொல்லில்தான் இருக்கிறது.

தமிழ்நாட்டில் ஒரு பிள்ளை "என் கட்-ஆஃப் 185" என்று சொன்னால், அது அந்தப் பிள்ளையின் சொந்தப் புள்ளி. பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத் தேர்வில் கணிதத்துக்கு நூறு, இயற்பியலுக்கு ஐம்பது, வேதியியலுக்கு ஐம்பது என்று சுருக்கிக் கூட்டினால் மொத்தம் 200. இயற்பியலும் வேதியியலும் எங்கட பௌதிகவியலும் இரசாயனவியலும்தான். கலண்டர் தாளில் நான் எழுதிக் காட்டியது இது:

கணிதம் 96. அப்படியே 96.
இயற்பியல் 90. பாதி, 45.
வேதியியல் 88. பாதி, 44.
கூட்டினால் 185.

"அப்ப கணக்குக்கு ரெட்டை மரியாதை" என்றா அன்ரி. சரியாகப் பிடித்தா. ஒரே கூட்டுத்தொகையில் இருவர் நின்றால் முதலில் கணிதப் புள்ளியையும் அடுத்து இயற்பியல் புள்ளியையும் பார்க்கிறார்கள். இன்னும் சமமென்றால் வேறு சில அளவுகோல்கள், கடைசியில் கணினி கொடுத்த ஒரு குலுக்கல் எண்.

அதே சொல்லுக்கு இரண்டாவது வேலையும் உண்டு. "அந்தக் கொலிஜ் கட்-ஆஃப் 195" என்றால், போன வருஷம் அங்கே அந்தத் துறையில் கடைசியாக இடம் எடுத்த பிள்ளையின் புள்ளி 195. தொடர்மாடிக் கதையின் பதினொன்று. எங்கள் நாட்டில் இதற்கு வெட்டுப்புள்ளி என்ற நல்ல சொல் இருக்கிறது. அங்கே இரண்டுக்கும் கட்-ஆஃப்தான்.

கிண்டியில் 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கி, இன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் பகுதியாக இருக்கிற பொறியியல் கல்லூரியில் கணினித் துறைக்குப் பொதுப் பிரிவில் இந்தக் கடைசிப் புள்ளி 200க்கு மிக அருகில் நிற்கிறது. ஆனால் அந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகள் நானூறுக்கும் மேல். பட்டியலின் கீழ்ப் பக்கம் போகப் போக அதே துறைக்குப் பாதிப் புள்ளியோடும் இடம் கிடைக்கும், சில கல்லூரிகளில் இடங்கள் காலியாகவே கிடக்கும். ஆகவே "இந்தியாவில கிடைக்கிறது கஷ்டம்" என்பவரும் "இந்தியாவில சும்மா கிடைக்கும்" என்பவரும் ஒரே பட்டியலின் இரண்டு நுனிகளைப் பார்த்துப் பேசுகிறார்கள்.

சுருக்கமாக: ஒரு கட்-ஆஃப் பிள்ளையுடையது, மற்றது கல்லூரியுடையது. முன்னது கூட்டிப் பெறுவது, பின்னது எல்லாம் முடிந்த பிறகு தெரிவது.

## இசற் புள்ளி எங்கே பொருந்தும்?

எங்கேயும் நேரடியாகப் பொருந்தாது. அன்ரியின் மகனுக்கு வந்த 1.4 என்பது புள்ளி அல்ல. ஒரு பாடத்தில் எல்லோரும் எடுத்த புள்ளிகளின் சராசரியிலிருந்து நீங்கள் எவ்வளவு தள்ளி நிற்கிறீர்கள் என்பதை, அந்தப் பாடத்தில் புள்ளிகள் பரவியிருக்கும் அகலத்தால் பிரித்து, மூன்று பாடத்துக்கும் சராசரி எடுத்தால் வருவது இசற் புள்ளி. 2001இலிருந்து நம் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு இதைப் பாவிக்கிறது. சராசரிக்கு மேலே ஒன்றரை அகலத்துக்குக் கொஞ்சம் குறைவு என்பது மோசமான இடமில்லை. ஆனால் கொழும்பு மாவட்டத்தில் பொறியியலுக்குக் காணாது, அதனால்தான் இந்தத் தேத்தண்ணி.

இந்தியாவில் இதற்கு ஒரு தூரத்து உறவு உண்டு: பெர்சன்டைல். தேசிய அளவில் நடக்கும் ஜே.இ.இ. மெயின் என்ற பொறியியல் நுழைவுத் தேர்வைப் பல நாட்களில், காலை மாலை என்று வெவ்வேறு வினாத்தாள்களில் எழுதுகிறார்கள். ஒருவருடைய தாள் கடினமாகவும் மற்றவருடையது இலகுவாகவும் இருக்கலாம் என்பதால், புள்ளியைப் பார்க்காமல், உங்களோடு அதே வேளையில் எழுதியவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் உங்கள் அளவிலோ அதற்குக் கீழேயோ நிற்கிறார்கள் என்று பார்க்கிறார்கள். வேறு வேறு தாள் எழுதியவர்களை எப்படி ஒரே வரிசையில் நிறுத்துவது என்ற அதே தலையிடிக்கு இரு நாடுகளும் அரைத்த இரண்டு மருந்துகள்.

99 பெர்சன்டைல் என்றால் 99 புள்ளி என்று நினைத்துச் சந்தோஷப்பட்ட ஒரு மாமாவை எனக்குத் தெரியும். பத்து லட்சம் பேர் எழுதினார்கள் என்று வையுங்கள். 99இல் நிற்பவருக்கு முன்னால் இன்னும் ஏறக்குறையப் பத்தாயிரம் பேர் நிற்கிறார்கள்.

இன்னொரு சிக்கல்: நம் ஏ.எல். சான்றிதழில் ஏ, பி, சி என்ற தரங்கள்தான் இருக்கும், நூற்றுக்கு எத்தனை என்பது இராது. ஆகவே யாராவது "உங்கட மகன்ர கட்-ஆஃப் 170 வரும்" என்று கணக்குப் போட்டுத் தந்தால், அவர் எந்த எண்ணைக் கொண்டு கூட்டினார் என்று கேளுங்கள்.

## வாசல்கள் எத்தனை?

நம் நாட்டில் அரச பல்கலைக்கழகத்துக்கு ஒரே வாசல். ஏ.எல். எழுதினால் மிச்சத்தைக் கொழும்பு 7, வார்ட் பிளேஸில் இருக்கும் மானியங்கள் ஆணைக்குழு பார்த்துக்கொள்ளும். இந்தியாவில் அப்படி ஒரு வாசல் இல்லை என்பதை விளங்கிக்கொள்ளத்தான் நம்மவர்களுக்கு அதிக நேரம் எடுக்கிறது.

மாநில வாசல் ஒன்று. தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்புப் புள்ளி போதும், தனி நுழைவுத் தேர்வு கிடையாது. அதை 2006ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கிவிட்டது. மற்றப் பல மாநிலங்களில் தனித் தேர்வு இருக்கிறது.

மத்திய வாசல் ஜே.இ.இ. அதற்கு இரண்டு படி. மெயின் எழுதினால் என்.ஐ.டி. எனப்படும் 31 தேசியத் தொழில்நுட்பக் கழகங்களுக்குப் போட்டியிடலாம். திருச்சியில் உள்ளது அதில் ஒன்று. மெயினில் முன்னணியில் வரும் இரண்டரை லட்சம் பேர் அடுத்த படியான அட்வான்ஸ்டை எழுதத் தகுதி பெறுவார்கள். அது ஐ.ஐ.டி. எனப்படும் 23 இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களுக்கான தேர்வு. இரண்டுக்குமான கவுன்சலிங்கை ஜோசா என்ற ஒரே அமைப்பு நடத்துகிறது.

மூன்றாவது, நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள். கல்லூரியாக இருந்து, பல்கலைக்கழகத்துக்கு நிகராகத் தானே பட்டம் கொடுக்க மத்திய அரசு அனுமதித்த நிறுவனங்கள் இவை. வேலூர் வி.ஐ.டி., எஸ்.ஆர்.எம்., தஞ்சாவூர் சாஸ்திரா, கோயம்புத்தூர் அமிர்தா என்று நம் காதில் விழும் பெயர்களில் பல இந்த வகை. அனுமதி விதியும் கட்டணமும் ஒவ்வொன்றுக்கும் தனி.

ஜே.இ.இ. பற்றி நம் பிள்ளைகளுக்கு ஓர் எச்சரிக்கை. பாடத்திட்டத்தை விடப் பழக்கம்தான் இடிக்கும். இணைந்த கணிதத்தில் பல்தேர்வு வினாவே கிடையாது. ஏ பகுதியில் பத்து, பி பகுதியில் ஏழில் ஐந்து என்று பக்கம் பக்கமாகப் படிமுறை எழுதிப் பழகியவர்கள் நாங்கள். விடை பிழைத்தாலும் படிமுறைக்குப் புள்ளி வரும். ஜே.இ.இ. மெயினில் மூன்று மணித்தியாலத்தில் 75 கேள்வி, சரியென்றால் நான்கு, பிழையென்றால் ஒன்று கழியும். வழி சரி, கடைசி வரியில் சகக் குறி மாறிவிட்டது என்று கணினியிடம் அழ முடியாது. நன்றாகக் கணிதம் செய்யும் பிள்ளையும் இந்த வேகத்துக்கு ஒரு வருஷமாவது பழக வேண்டும். மாதிரித் தாள்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

## நீங்கள் நிற்பது எந்த வரிசை?

இதுவரை சொன்ன மாநில வாசல் உங்களுக்கு உரியதே இல்லை. இதைச் சொன்னதும் அன்ரி தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தா.

இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் அங்கே 'வெளிநாட்டு நாட்டவர்' என்ற தனி வரிசை. தமிழ் பேசுகிறோம், தாத்தா காலத்தில் திருச்சி என்பதெல்லாம் விண்ணப்பப் படிவத்துக்குத் தெரியாது. திருச்சிப் பேரன் நிற்கும் வரிசையும் உங்கள் மகன் நிற்கும் வரிசையும் வேறு. அவனுடைய 195 உங்களுக்குத் தடையும் இல்லை, உதவியும் இல்லை.

தொடர்மாடிக் கதைக்கே போவோம். கட்டியவர் நாற்பது வீட்டையும் உள்ளூராருக்கு ஒதுக்கிவிட்டு, மொட்டைமாடியில் மேலதிகமாக ஒரு மாடி எழுப்பி வெளியூராருக்குக் கொடுக்கிறார். இதை மேலதிக இடங்கள் என்பார்கள். அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கைக்கு வெளியே சேர்ப்பவை. தொழில்நுட்பக் கல்வியை மேற்பார்வை செய்யும் ஏ.ஐ.சி.டி.இ. என்ற இந்திய அமைப்பு இப்படி 15 வீதம் வரை சேர்க்க வழி வைத்திருக்கிறது. அதனால் நம் பிள்ளை உள்ளே போவதால் உள்ளூர்ப் பிள்ளை ஒருவரின் இடம் பறிபோவதில்லை. பதிலுக்குக் கட்டணம் பெரும்பாலும் டொலரில், உள்ளூர்க் கட்டணத்தைவிடப் பல மடங்கு.

இந்த வரிசையிலிருந்து போகக்கூடிய வழிகள் சில. அண்ணா பல்கலைக்கழகம் போன்றவை வெளிநாட்டவருக்கென்று தனி விண்ணப்பம் கோருகின்றன. என்.ஐ.டி.களுக்கு 'டாசா' என்ற திட்டம் இருக்கிறது. வெளிநாட்டில் படித்தவர்களை நேரடியாகச் சேர்க்கும் அந்தத் திட்டத்துக்கு இப்போது ஜே.இ.இ. மெயின் தரவரிசை வேண்டும். மெயினுக்கான வெளிநாட்டு நிலையங்களின் பட்டியலில் கொழும்பும் இருந்துவந்திருக்கிறது. ஐ.ஐ.டி.களிலும் வெளிநாட்டவருக்கு மேலதிக இடங்கள் உண்டு, ஆனால் அட்வான்ஸ்டில் தேறியே ஆக வேண்டும். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்குச் சர்வதேச மாணவர் பிரிவு இருக்கிறது. அவற்றில் பல ஏ.எல். பெறுபேற்றை வைத்தே முடிவு செய்கின்றன.

எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது புலமைப்பரிசில். நேரு ஞாபகார்த்தப் புலமைப்பரிசில் பொறியியல் உட்படப் பட்டப் படிப்புகளுக்கும், ராஜீவ் காந்தி புலமைப்பரிசில் தகவல் தொழில்நுட்பப் படிப்புக்கும் இலங்கையருக்கென்றே கொடுக்கப்படுகின்றன. படிப்புக் கட்டணத்தையும் மாதாந்தக் கொடுப்பனவையும் இந்திய அரசு ஏற்கும். அறிவித்தல் கொள்ளுப்பிட்டி, காலி வீதியில் இருக்கும் இந்திய உயர்ஸ்தானிகராலயத்திலிருந்து வரும். விண்ணப்பிக்கச் சல்லிக்காசு தேவையில்லை. அப்படியிருந்தும் முகவருக்குக் காசு கட்டியவர்களைத்தான் நான் அதிகம் கண்டிருக்கிறேன், இதற்கு விண்ணப்பித்தவர்களை அல்ல.

இதுவரை வந்ததைத் தொகுத்தால்: வாசல்கள் பல, எந்த வாசலிலும் உங்களுக்கு வெளிநாட்டவர் வரிசை, அந்த வரிசையின் விதியை அந்தந்த நிறுவனத்தின் அறிவித்தலில்தான் பார்க்க வேண்டும், உறவினரின் வட்ஸ்அப்பில் அல்ல.

## 'கோட்டா' என்ற வசைச்சொல்

அன்ரியின் கணவர் அதுவரை பேப்பருக்குப் பின்னால் இருந்தார். "அங்க எல்லாம் கோட்டாதானே" என்று ஒரு சொல் போட்டார்.

ஆம், தமிழ்நாட்டில் 69 வீதம். பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். தரப்படுத்தலின் சூடு ஆறாத எங்கள் ஊர்க் காதுக்கு அந்தச் சொல் கசக்கும்தான். ஆனால் நாங்களும் இன்று ஒதுக்கீட்டுக்குள்தான் வாழ்கிறோம்: 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்கள். அங்கே அடிப்படை சமூகம், இங்கே மாவட்டம். ஒரே கல்லூரியில் ஒரே துறைக்கு நான்கைந்து கட்-ஆஃப் இருப்பதற்கும் காரணம் இதுதான். ஒவ்வொரு பிரிவுக்கும் கடைசியாக ஏறியவர் வேறு.

## "சீற் இருக்கு, முற்பணம் கட்டுங்கோ"

தமிழ்நாட்டுத் தனியார் கல்லூரிகள் தம் இடங்களில் ஒரு பகுதியை அரசின் கவுன்சலிங்குக்குக் கொடுத்துவிட வேண்டும். சாதாரணக் கல்லூரி 65 வீதமும், சிறுபான்மையினர் நடத்துவது 50 வீதமும். மிச்சம் நிர்வாக ஒதுக்கீடு, 'மெனேஜ்மென்ட் கோட்டா'. அது சட்டபூர்வமானது. அதற்கு நிர்ணயித்த கட்டணத்துக்கு மேல் வாங்கும் நன்கொடைதான் சட்டவிரோதம், தமிழ்நாட்டில் 1992இலிருந்து.

முகவர்கள் விற்பது பெரும்பாலும் இதையும் வெளிநாட்டவர் இடத்தையும்தான். எனக்கும் ஒருவர் இருந்தார். கணினித் துறை என்று சொல்லி முற்பணம் வாங்கினார். நான் பெட்டியோடு போய் இறங்கிய அன்றைக்கு அலுவலகத்தில் என் பெயர் சிவில் பட்டியலில் இருந்தது. கையில் இருந்த பற்றுச்சீட்டு அவருடைய கடைப் பெயரில், கல்லூரியின் பெயரில் அல்ல. இரண்டு கிழமை ஓடித் திரிந்து துறையை மாற்றினேன். முகவர் எல்லோரும் கள்ளர் என்று சொல்ல மாட்டேன். வேலை தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் காசு கல்லூரியின் வங்கிக் கணக்குக்கு நேரே போக வேண்டும், துறையின் பெயர் எழுதிய அனுமதிக் கடிதம் கல்லூரியிலிருந்து வர வேண்டும். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் பெட்டி கட்டாதீர்கள்.

## திரும்பி வந்தால் பட்டம் செல்லுமா?

இதைப் போவதற்கு முன்னால் கேட்க வேண்டும். இந்தியாவில் பொறியியல் படிப்புகளின் தரத்துக்கு முத்திரை குத்துவது என்.பி.ஏ. என்ற அமைப்பு, இலங்கையில் பொறியியலாளர் நிறுவனம். இரண்டுமே 2014இலிருந்து வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்பினர்கள். உறுப்பு நாடுகள் ஒன்றன் பொறியியல் பட்டத்தை மற்றது சமமாக மதிக்கும் ஏற்பாடு அது. கவனிக்க வேண்டியது, முத்திரை கல்லூரிக்கு அல்ல, ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனியே, அதுவும் குறிப்பிட்ட காலத்துக்கு. அதிலும் இரண்டு அடுக்கு உண்டு. உடன்படிக்கைக்குள் வருவது முதல் அடுக்கில் உள்ள படிப்புகள்தான். ஒரே கல்லூரியில் இயந்திரவியலுக்கு இருக்கும், புதிதாகத் தொடங்கிய துறைக்கு இராது. கல்லூரிப் புத்தகத்தின் முகப்பில் பொன் எழுத்தில் உள்ளதை விட்டுவிட்டு, உங்கள் துறையின் பெயரைத் தேடிப் பாருங்கள்.

## கடைசியாக, பெயர்

ஒரு மணித்தியாலம் கடந்துவிட்டது. பையன் இப்போது பக்கத்தில் வந்து இருந்தான். "அண்ணா, நாளைக்கே தொடங்கிறதெண்டா முதல் என்ன செய்ய?"

அவனுடைய மூன்று கடதாசிகளைக் கொண்டுவரச் சொன்னேன். பிறப்புச் சான்றிதழில் அவன் பெயர் மட்டும், தகப்பன் பெயர் தனி நிரலில். பெறுபேற்றுத் தாளில் தகப்பன் பெயரின் முதலெழுத்தோடு அவன் பெயர். கடவுச்சீட்டில் தகப்பனின் முழுப் பெயர் குடும்பப் பெயர் இடத்தில், அதுவும் ஆங்கிலத்தில் ஓர் எழுத்து வித்தியாசமாக. நமக்கு மூன்றும் ஒரே பிள்ளை. விசா அலுவலருக்கும், அங்கே போய் இறங்கி 14 நாளுக்குள் பதிய வேண்டிய வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்கும் அது மூன்று ஆட்கள். எனக்கு இந்த ஓர் எழுத்துக்காகச் சத்தியக் கடதாசி, மொழிபெயர்ப்பு, வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் உறுதிப்படுத்தல் என்று ஒரு மாதம் போனது.

அன்ரி கடவுச்சீட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, எழுத்தெழுத்தாக வாசித்தா. பிறகு பேப்பருக்குப் பின்னால் இருந்தவரைப் பார்த்து, "இஞ்சருங்கோ, உங்கட பேரில 'எச்' எங்க வரும்?" என்றா.